பதினாறு கையில், பத்து எதிரில்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் சித்தப்பா போன் பண்ணினார். "இந்த பிளாக்ஜாக் ஆட்டத்துக்கு ஏதோ அட்டவணை இருக்காமே, எந்தக் கைக்கு என்ன பண்ணணும்னு. அது உண்மையா, இல்ல சும்மா கதையா?" உண்மைதான் சித்தப்பா என்றேன். "உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். சித்திகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதே என்றும் சொன்னார்.

சித்தப்பா சிங்கப்பூரில் எந்தச் சூதாட்டக் கூடத்துக்குள்ளும் போக முடியாது. சித்தி போட்ட மனுவின் பேரில் அவர்மேல் குடும்ப விலக்கு ஆணை இருக்கிறது. வாசலில் அடையாள அட்டையைத் தட்டினாலே சிவப்பு விளக்கு எரியும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மகள் படிப்புக்கு வைத்திருந்த பணம், சித்தியின் இரண்டு வளையல், ஒரு நண்பரின் கடன். அந்த ஆணையை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். அதற்குத்தான் அட்டவணை. "அப்ப குருட்டாம்போக்குல ஆடினேன். கத்துக்கிட்டு ஒழுங்கா ஆடுறவன் வேற, கண்ணை மூடிட்டு ஆடுறவன் வேற இல்லையா? நீ சொன்னா சித்தி கேப்பா."

நான் பாலிடெக்னிக்கில் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறவன். அந்த அட்டவணையின் கதை எனக்குப் பிடித்த கதைகளில் ஒன்று. வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். மாணவர்கள் தூங்காத ஒரே மணி நேரம் அதுதான். சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டி வந்தபோதுதான் அந்தக் கதையில் ஒரு பாதியை நான் எப்போதும் விட்டுவிடுகிறேன் என்று உறைத்தது.

*

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கி ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக நடந்தால் சித்தப்பா வீடு. மீன் தலைக் கறிக்குப் பேர்போன சாலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாழை இலை வாசனையும் வரிசையில் நிற்கும் டூரிஸ்ட் கூட்டமுமாக இருக்கும். பந்தயத்திடல் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சாலையின் பெயரில் மட்டும் குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது.

1842இல் இங்கே ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கினார்கள்; அடுத்த வருஷமே ஃபேரர் பார்க் திடலில் முதல் பந்தயம் நடந்தது. பக்கத்தில் சிராங்கூன் சாலையில் மாட்டுப்பட்டிகள், எருமைச் சாலை, தேக்கா. வெள்ளைக்காரர்கள் குதிரைக்காகவும் தமிழர்கள் மாட்டுக்காகவும் ஒரே சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தப் பேட்டை தமிழர் பேட்டையானதில் கோயிலுக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் பங்கு உண்டு என்று எழுதுகிறோம். பந்தயத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதை எழுத நமக்குக் கொஞ்சம் கூச்சம். 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் இந்தத் திடலில்தான். 1942 பிப்ரவரியில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர்கள் கூட்டி நிறுத்தியதும் இங்கேதான். பந்தயம் அதற்கு முன்பே, 1933இல், புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. 1999இல் கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. நூற்றெண்பது வருஷத்துக் கதை. அன்றைக்குச் சித்தப்பா டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார் என்று தங்கை சொன்னாள். அவருக்கு புக்கிட் தீமா காலத்திலிருந்தே பழக்கம்.

இந்த ஊருக்கும் சூதுக்கும் உள்ள உறவு பந்தயத்தைவிடப் பழையது. 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கினார். அடுத்த வருஷமே, இங்கே ரெசிடெண்டாக இருந்த ஃபர்குஹார் கையில் காசில்லாமல், அபின், சாராயம், சூது மூன்றையும் குத்தகைக்கு விட்டார். கிடைத்த பணத்தில்தான் நிர்வாகம் நடந்தது. 1822இல் திரும்பி வந்த ராஃபிள்ஸுக்குக் கோபம். சூதாட்ட வீடுகளையும் சேவல் சண்டைக் களங்களையும் மூடச் சொல்லி 1823இல் சட்டம் போட்டார், ஜூன் மாதம் கப்பல் ஏறினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கிராஃபர்ட் அதே வருஷம் குத்தகையைத் திரும்பக் கொண்டுவந்தார். எப்படியும் ஆடத்தான் போகிறார்கள், உரிமம் கொடுத்தால் கண்காணிக்கவாவது முடியும் என்பது அவர் கட்சி. 1829இல் மறுபடி ஒழித்தார்கள். பத்து வருஷத்துக்குள் திறப்பு, மூடல், திறப்பு, மூடல். அதன் பிறகு இருநூறு வருஷமாக இந்த ஊர் இதே இரண்டு வாதங்களைத்தான் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. 1968இல் சிங்கப்பூர் பூல்ஸ் தொடங்கியதும் கள்ள லாட்டரிக்குப் போகிற பணத்தை அரசாங்கப் பக்கம் திருப்பத்தான். அடுத்த வருஷம் வந்த ஸ்வீப் சீட்டுப் பணம் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் கட்ட உதவியது. அதே 1968இல் அண்ணாவின் ஆட்சி தமிழ்நாட்டில் அரசு லாட்டரியைத் தொடங்கியது. அங்கே 2003இல் லாட்டரி தடையானது. இங்கே தேக்கா பக்கம் இன்றைக்கும் வரிசை நிற்கிறது.

2005 ஏப்ரல் 18இல் பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் இரண்டு உல்லாசத் தலங்களையும் அவற்றுக்குள் சூதாட்டக் கூடங்களையும் அறிவித்தார். பல வருஷம் சூதாட்டக் கூடமே கூடாது என்று நின்றவர் அவர் தந்தை. எதிர்ப்பு இருந்தது, கையெழுத்து இயக்கம் நடந்தது, அமைச்சரவைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்ததை மறைக்கவில்லை. 2010 பிப்ரவரி 14, சீனப் புத்தாண்டு நாளில் செந்தோசாவில் முதல் கூடம் திறந்தது. ஏப்ரலில் மரினா பேயில் இரண்டாவது. கிராஃபர்டின் வாதம் ஜெயித்தது. ஆனால் ராஃபிள்ஸும் வாசலில் நிற்கிறார்: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும். 2019இலிருந்து அது 150. வெளிநாட்டவருக்கு இலவசம். இந்த 150 வெள்ளியைப் பிறகு கணக்குப் போடுகிறேன், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

*

இனி அட்டவணையின் கதை.

1953வாக்கில் அமெரிக்காவின் மேரிலாண்டில், அபர்டீன் என்ற ராணுவச் சோதனைக் களத்தில், ரோஜர் பால்ட்வின் என்ற கணக்குப் பட்டதாரிச் சிப்பாய் பாசறையில் சீட்டாடிக்கொண்டிருந்தார். வீட்டு ஆட்டத்தில் சீட்டுப் போடுகிறவர் தன் இஷ்டத்துக்கு இழுக்கலாம், நிற்கலாம். லாஸ் வேகாஸில் அப்படி இல்லை, 16 வரை இழுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நின்றே ஆக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுத்திருப்பார்கள். பால்ட்வினுக்கு அங்கேயே பொறி தட்டியது. எதிராளிக்கு யோசிக்கிற உரிமையே இல்லை என்றால் அவன் மனிதன் இல்லை, இயந்திரம். இயந்திரத்தின் நடத்தையைக் கணக்குப் போட்டுவிடலாம்.

வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மெய்ஸல், ஜேம்ஸ் மெக்டெர்மட் என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். கணினி கிடையாது. ராணுவ அலுவலகத்து மேசைக் கணக்கிடும் கருவிகளில், வேலை முடிந்த நேரங்களில், சுமார் ஒன்றரை வருஷம் தட்டினார்கள். 1956 செப்டம்பரில் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வந்தது. உலகத்தில் முதல்முறையாக ஒரு சீட்டாட்டத்தின் ஒவ்வொரு கைக்கும் எது சரியான முடிவு என்று எழுதிவைத்தார்கள். வீட்டுக்காரனின் சாதகம் 0.62 சதவீதம் என்று அவர்களுக்கு விடை வந்தது. பிறகு கணினியில் சரிபார்த்தபோது அந்த எண் கொஞ்சம் மாறியது, ஆனால் அட்டவணை ஏறக்குறைய அப்படியே நின்றது. கையால் தட்டிய கணக்கு!

இந்தக் கட்டுரையைப் படித்த இன்னொரு கணக்கு ஆசிரியர் எட்வர்ட் தோர்ப். 1958 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லாஸ் வேகாஸ் போனபோது அட்டவணையைச் சின்ன அட்டையில் எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து டாலர் வாங்கினார், எட்டரை டாலர் தோற்றார், எழுந்து வந்துவிட்டார். பிளாக்ஜாக் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற தொடக்கக்காரரின் முதல் நாள் கணக்கு இவ்வளவுதான். அவர் பிறகு எம்ஐடியின் ஐபிஎம் 704 கணினியில் ஃபோர்ட்ரான் எழுதி, போன சீட்டுகளை நினைவில் வைத்திருந்தால் வீட்டுக்காரனையே ஜெயிக்கலாம் என்று நிரூபித்தார்; 1962இல் புத்தகம் போட்டார். சூதாட்டக் கூடங்கள் பயந்து 1964இல் விதியை மாற்றின, கூட்டம் குறைந்ததும் பழைய விதிக்கே திரும்பின. சீட்டு எண்ணுகிற அந்தக் கதையைத்தான் சினிமாக்காரர்கள் எடுத்தார்கள். இன்றைக்கு ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்த மேசையில் அதற்கு வேலையில்லை. நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. எண்ணாத, வெறும் அட்டவணையைப் பின்பற்றுகிற ஆட்டத்தைப் பற்றி.

வகுப்பில் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பேன். சீட்டுப் போடுகிறவனும் அதே கட்டிலிருந்துதான் எடுக்கிறான், நாமும் அதே கட்டு. அப்படியென்றால் அவனுக்கு எங்கிருந்து சாதகம் வருகிறது? பாதிப் பேர் ஏமாற்று என்பார்கள். விடை ரொம்பச் சாதாரணம்: நாம் முதலில் ஆடுகிறோம். 21ஐத் தாண்டினால் நம் காசு அப்போதே போய்விட்டது. அதற்குப் பிறகு அவனும் தாண்டினால் யாரும் நமக்குத் திருப்பித் தர மாட்டார்கள். அவ்வளவுதான் முழுத் தொழிலும். அவன் மாதிரியே நாமும் 16 வரை இழுத்து 17இல் நின்றால் நூறு வெள்ளிக்கு ஐந்தரை வெள்ளி போகும். பயந்து ஒருபோதும் தாண்டாத மாதிரி ஆடினால் நாலு வெள்ளிக்குப் பக்கம். அட்டவணைப்படி, நல்ல விதிகள் உள்ள மேசையில், சுமார் அரை வெள்ளி.

அட்டவணையின் உயிர் எதிராளியின் திறந்த சீட்டில் இருக்கிறது. அவனிடம் 5 அல்லது 6 தெரிந்தால் பத்துக்கு நாலு தடவைக்கு மேல் அவன் தாண்டிவிடுவான். அப்போது நம்மிடம் 12 இருந்தாலும் சும்மா நிற்க வேண்டும். 7க்கு மேல் தெரிந்தால் அவன் தாண்டும் வாய்ப்பு நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. நாம் 17 வரும்வரை இழுக்க வேண்டும். எட்டு ஜோடி வந்தால் பிரி, ஏஸ் ஜோடி வந்தால் பிரி, பத்து ஜோடியைத் தொடாதே. 11க்கு அநேகமாக எப்போதும் பந்தயத்தை இரட்டிப்பாக்கு. இங்கே ஆசிய மேசைகள் பலவற்றில் ஒரு வித்தியாசம் உண்டு: நாம் ஆடி முடிக்கும்வரை அவன் தன் இரண்டாவது சீட்டை எடுப்பதே இல்லை. பிறகு அவனுக்கு பிளாக்ஜாக் வந்தால் நாம் இரட்டித்தது, பிரித்தது எல்லாம் சேர்ந்து போகும். அதனால் அவனிடம் பத்தோ ஏஸோ தெரிந்தால் 11ஐ இரட்டிக்கக் கூடாது, எட்டுகளைப் பிரிக்கவும் கூடாது. அமெரிக்கப் புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்து வந்தவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. 'இன்ஷுரன்ஸ்' என்று ஒன்று கேட்பார்கள். பதின்மூன்று வகைச் சீட்டில் நாலு வகைதான் பத்து மதிப்பு. ஒன்றுக்கு இரண்டு தருகிறேன் என்றால் நூறுக்கு ஏழே முக்கால் வெள்ளி நமக்கு நஷ்டம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கலாம்.

எல்லாவற்றிலும் மோசமான கை ஒன்று உண்டு. கையில் 16, எதிரில் பத்து. இழுத்தால் பதின்மூன்றில் எட்டு வகைச் சீட்டு நம்மைக் கொன்றுவிடும். நின்றால் நாலில் ஒரு தடவைகூட ஜெயிக்க மாட்டோம். அட்டவணை இழு என்கிறது. எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால் சிரிப்பு வரும்: நின்றால் ஒரு வெள்ளிக்குச் சராசரியாக 54 காசு நஷ்டம், இழுத்தாலும் 54 காசு நஷ்டம், நாலாவது தசமத்தில் ஒரு மயிரிழை இழுப்பதற்குச் சாதகம். எப்படி ஆடினாலும் தோற்கப்போகிற கையை, கொஞ்சமே கொஞ்சம் குறைவாகத் தோற்பதற்காகச் சரியாக ஆடுவது. இந்த ஒரு கையைப் புரிந்துகொள்ளாதவர் மீதி அட்டவணையைக் கற்று ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நினைக்கிறேன்.

*

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் நளன் இருக்கிறான். தம்பி புட்கரனிடம் நாட்டைத் தோற்று, தமயந்தியைக் காட்டில் விட்டு, உருவம் மாறி, இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டியாகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, இதில் இத்தனை காய் இருக்கிறது என்று அரசன் பார்வையாலேயே சொல்கிறான். அந்தக் காலத்தில் தான்றிக் காய்தான் சூதாடு கருவி என்பதை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பாரதத்தில் நளன் தேரை நிறுத்தி, மரத்தை வெட்டிப்போட்டு எண்ணியே பார்க்கிறான். சரியாக இருக்கிறது. பிறகு இருவரும் வித்தையை மாற்றிக்கொள்கிறார்கள்: அரசனிடமிருந்து எண்ணும் வித்தை, நளனிடமிருந்து குதிரை வித்தை. நிகழ்தகவின் தோற்றத்தைப் பற்றி 1975இல் புத்தகம் எழுதிய இயன் ஹேக்கிங் இந்தக் கதையில் ஆச்சரியப்பட்டு நின்றுவிடுகிறார். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் கடிதம் எழுதிக்கொள்வதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே மாதிரி எடுத்து மதிப்பிடுவதையும் சூதையும் ஒருவன் சேர்த்துப் பார்த்திருக்கிறான்.

நான் வகுப்பில் அதோடு நிறுத்திவிடுவேன். விட்டுப்போகிற பாதி இதுதான்: வித்தை கைக்கு வந்த அந்தக் கணத்தில்தான் கலி நளனை விட்டு வெளியேறுகிறான். சித்தப்பா நம்புவது இந்தக் கதையைத்தான். எண்ணக் கற்றுக்கொண்டால் கலி தானாகப் போய்விடுவான். வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. சூது அதிகாரத்தின் முதல் குறளே தோற்பதைப் பற்றி எச்சரிக்கவில்லை, ஜெயிப்பதைப் பற்றித்தான் எச்சரிக்கிறது.

*

சித்தி கோயிலுக்குப் போயிருந்தார். வீரமாகாளியம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து வர இரண்டு மணி நேரமாகும். சாப்பாட்டு மேசையில் பழைய சீட்டுக்கட்டு, ஒரு டப்பா கொண்டைக்கடலை. ஆளுக்கு நூறு கடலை எண்ணிக்கொண்டோம். அட்டவணையை ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன்.

சித்தப்பா கெட்டிக்காரர். இதை நான் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு இதே பயிற்சியில் முதல் நூறு கைகளில் பத்தொன்பது தப்பு வந்தது. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அவருக்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஐந்தாறு தப்புகள்தான். எங்கள் வீட்டுத் தீபாவளி ஆட்டம் சீன நண்பர்களிடமிருந்து வந்த பான் லக். அதுவும் 21தான், ஆனால் ஐந்து சீட்டு வரை தாண்டாமல் வந்தால் தனிப் பரிசு, இரண்டு ஏஸ் வந்தால் மும்மடங்கு என்று வீட்டுக்கு வீடு விதி மாறும். வீட்டுக்குள் சொந்தபந்தம் ஆடுவதை 2022 சட்டமும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஆட்டப் பழக்கத்தில் ஐந்தாவது சீட்டுக்கு ஆசைப்பட்டு இழுத்ததுதான் அவர் செய்த தப்பெல்லாம். அதையும் விட்டுவிட்டார். 12 கையில், எதிரில் 4. நின்றார். A-6 கையில், எதிரில் 9. யோசித்து இழுத்தார். நான் அசந்துபோனேன்.

"பாத்தியா?" என்றார்.

நடுவில் 150 வெள்ளிக் கணக்கைச் சொன்னேன். கைக்கு 25 வெள்ளி வைத்து அட்டவணைப்படி ஆடினால் ஒரு கைக்குச் சராசரி இழப்பு பன்னிரண்டரைக் காசு. மணிக்கு எழுபது கை என்றால் எட்டே முக்கால் வெள்ளி. சினிமா டிக்கெட்டை விட மலிவு. ஆனால் வாசலில் கட்டிய 150 வெள்ளி, 1200 கைகளின் இழப்புக்குச் சமம். பதினேழு மணி நேரம் எழாமல் ஆடினால்தான் மேசை அவ்வளவு எடுக்கும். சிங்கப்பூரர் ஒருவருக்கு அட்டவணை மிச்சப்படுத்திக் கொடுக்கிற காசை அரசாங்கம் வாசலிலேயே வாங்கிக்கொள்கிறது. "அப்ப எழுந்திருக்காம ஆடுறவனுக்குத்தான் கட்டுப்படியாகும்" என்றார் சித்தப்பா உடனே. நான் சொல்ல வந்தது அது இல்லை. ஆனால் கணக்குப்படி அவர் சொன்னது சரி. அந்த வரி வைத்தவர்கள் அதை யோசித்தார்களா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு கணக்கும் சொன்னேன். எழுபது கையில் ஏற்ற இறக்கம் சுமார் 240 வெள்ளி. எட்டே முக்கால் வெள்ளி இழப்பு அந்த அலைக்குள் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் சரியாக ஆடியவன் தோற்று வருவான், தப்பாக ஆடியவன் ஜெயித்து வருவான், இரண்டு பேரும் தப்பான பாடம் படிப்பார்கள். தேக்காவில் வரிசை நிற்கிற 4டி சீட்டைப் பாருங்கள்: பெரிய பந்தயத்தில் ஒரு வெள்ளி வைத்தால் பத்தாயிரம் எண்ணுக்கும் சேர்த்துத் திரும்பி வருவது 6590 வெள்ளி, அதாவது வெள்ளிக்கு 34 காசு போகிறது. பிளாக்ஜாக்கில் அரைக் காசு. "அப்ப 4டிதான் கொள்ளை" என்றார். கொள்ளைதான். ஆனால் 4டி வாரத்துக்கு மூன்று தடவை, இது மணிக்கு எழுபது தடவை.

பிறகு சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் கைக்கு ஒரு கடலை வைத்தார். மூன்று கை தொடர்ந்து தோற்றதும் இரண்டு. பிறகு நாலு. ஜெயித்ததும் ஒன்றுக்கு வந்தார். மறுபடி தோல்வி, இரண்டு, நாலு, எட்டு. சீட்டில் ஒரு தப்பும் இல்லை. பதினாறு கையில், பத்து எதிரில். அட்டவணையைப் பார்க்காமலே இழுத்தார், ராஜா வந்தது, முகம் மாறவில்லை. அடுத்த கைக்குப் பதினாறு கடலை வைத்தார்.

"சித்தப்பா, ஏன் பதினாறு?"

"இல்லடா, விட்டதைப் பிடிக்கணும்ல."

"கடலை சித்தப்பா இது."

"தெரியுது. பழக்கத்துக்குத்தானே ஆடுறோம், நிஜம் மாதிரி ஆடினாத்தானே பழக்கம்."

அபர்டீன் நால்வரின் அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு இடமே இல்லை. எந்தச் சீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று 1956இலேயே எழுதிவிட்டார்கள், எத்தனை கடலை வைக்க வேண்டும், எப்போது எழுந்துபோக வேண்டும் என்று அதில் இல்லை. அதே 1956இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லி என்பவர் அதற்கும் ஒரு சூத்திரம் எழுதினார். கையிலிருக்கும் பணத்தில் எத்தனை பங்கு வைக்கலாம் என்று சொல்லும் சூத்திரம். சாதகம் நம் பக்கம் இல்லாதபோது அந்தச் சூத்திரத்தின் விடை பூஜ்யம். ஒன்றும் வைக்காதே. தோர்ப் எண்ணிப் பார்த்துச் சாதகம் வந்தபோது மட்டும் கூட்டி வைத்தார். எண்ணாதவனுக்கு எழுபது கையிலும் விடை பூஜ்யம்தான். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். நல்ல மாணவர் மாதிரித் தலையாட்டினார். பிறகு என் பக்கத்துக் குவியலைக் காட்டி, "ஒரு முப்பது குடு, அடுத்த ரவுண்டுல திருப்பித் தரேன்" என்றார்.

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். வெறும் கடலை என்பதாலா, சித்தப்பா என்பதாலா. பதினாறு வைத்தார், தோற்றார். மிச்சம் பதினாலு. எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். அவர் கையில் 11 வந்தது, என் திறந்த சீட்டு 6. இரட்டிக்க வேண்டிய கை, அட்டவணையில் இதைவிட நல்ல கட்டம் அதிகம் இல்லை. இரட்டிக்க அவரிடம் கடலை இல்லை. டப்பாவை எட்டிப் பார்த்தார்.

அப்போது கதவு திறந்தது. சித்தி திருநீற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சித்தப்பா, "தம்பி கணக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறான்" என்றார். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. சுவாமி படத்துக்கு முன்னால் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் வரைந்த தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"இதுல எழுந்து வர்றது எங்கே இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை சித்தி என்றேன்.

தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். பிறகு நடுவில் இருந்த பதினாலு கடலை, என் பக்கத்துக் குவியல், கீழே உருண்டு கிடந்த இரண்டு, எல்லாவற்றையும் டப்பாவுக்குள் அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தார். மறுநாள் சுண்டலுக்கு. சித்தப்பா தன் 11ஐ இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "அடுத்த சீட்டு என்னன்னு மட்டும் பாருடா" என்றார். சித்தியைப் பார்த்தேன். அவர் கட்டை எடுத்து, கலைத்து, உறைக்குள் போட்டார்.